பிடுங்காத கம்பம்: ராசிபுரத்து ஐப்பசி நோம்பியும் ஊர்க்கலைகளின் முறையும்

கொங்கு வட்டாரத்தில் மாரியம்மன் நோம்பி என்றாலே வெயிலும் மஞ்சள் நீரும்தான் நினைவுக்கு வரும். ஈரோட்டுப் பெரிய மாரியம்மனுக்குப் பங்குனி. பண்ணாரிக் குண்டமும் பங்குனி. கரூருக்கு வைகாசி. சேலம் கொஞ்சம் பொறுத்து ஆடியில் எடுக்கும். கோட்டைப் பெரிய மாரியம்மனை மூத்தவளாக வைத்து எட்டு மாரியம்மன்களுக்கும் அந்த ஒரே மாதத்தில் விழா நடக்கும். இந்தக் கணக்கு எதிலும் அடங்காத ஊர் ராசிபுரம். அங்குள்ள நித்திய சுமங்கலி மாரியம்மனுக்கு ஐப்பசியில்தான் நோம்பி சாட்டுகிறார்கள். தேர் பார்க்கப் போகிறவர்கள் கையில் குடையோடு போக வேண்டிய மாதம்.

இன்னொரு விதத்திலும் அந்த ஊர் தனித்து நிற்கிறது. மற்ற ஊர்களில் விழா முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விட்டுவிடுவார்கள். ராசிபுரத்தில் கம்பம் ஆண்டு முழுவதும் அம்மனுக்கு எதிரிலேயே நிற்கும். ஐப்பசி வந்ததும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நடுவார்கள்; அவ்வளவுதான் இடைவெளி. அம்மனின் பெயரே இதற்குச் சாட்சி.

கம்பத்தாட்டம், பம்பை, கூத்து, வண்டி வேடிக்கை என்று ஊர்க்கலைகள் பல. இவை எதை நம்பி உயிரோடு இருக்கின்றன? கலைஞரின் திறமை, ரசிகரின் ஆர்வம், அரசின் ஆதரவு என்று வழக்கமான பதில்கள் உண்டு. சேலம், நாமக்கல் சமவெளியின் விழாக்களைக் கவனித்தால் அவற்றுக்கு அடியில் வேறொன்று தெரிகிறது. இந்தக் கலைகளைத் தாங்கி வந்தது முறை. இந்த நாள் இன்னாருடையது, இந்த வேலை இன்னாருக்கு உரியது, இந்தச் செலவு இன்ன தலைக்கட்டின் மேல் விழும் என்கிற ஏற்பாடு அது. கலையைக் காத்ததும் அந்த முறைதான், கலைஞர்களில் ஒரு பகுதியினரைக் கட்டிப்போட்டு வைத்ததும் அதே முறைதான். இரண்டையும் சேர்த்துப் பேசாத பாரம்பரியப் பேச்சு பாதிப் பேச்சு என்பது என் எண்ணம்.

கம்பத்திலிருந்தே தொடங்கலாம். ஊர் வழக்கப்படி வேம்போ பால் வடியும் மரமோ தேர்ந்தெடுத்து, உச்சியில் மூன்றாகக் கவை பிரியும் கிளையாகப் பார்த்து வெட்டி வருவார்கள். பட்டையைச் சீவி, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, அம்மன் சந்நிதிக்கு நேர் எதிரே குழி தோண்டி நடுவார்கள். கவையின் மேல் பூவோடு ஏறும். மண்சட்டியில் கனலும் நெருப்புக்குத்தான் அந்தப் பெயர். நட்ட நாள் முதல் பெண்கள் விடியற்காலையில் குளித்து ஈரத்துணியோடு குடம் குடமாகக் கம்பத்துக்கு நீர் ஊற்றுவார்கள். மஞ்சளும் வேப்பிலைச் சாறும் கலந்து அடிமண் சேறாகக் கிடக்கும். மேலே நெருப்பு, கீழே நீர். இரவானால் அதே இடம் ஆட்டக்களம். பம்பையும் பறையும் திடுமும் முழங்க இளவட்டங்கள் கம்பத்தைச் சுற்றி வட்டமாக ஆடுவார்கள். அடி தொடக்கத்தில் மெதுவாக இருக்கும். நேரம் ஏற ஏறக் கதி கூடும். கதியை ஏற்றுவதும் இறக்குவதும் மேளக்காரர் கையில். கற்றுக்கொடுக்க வகுப்பு கிடையாது. வட்டத்தின் வெளிவிளிம்பில் பொடியன்கள் காலை மாற்றி மாற்றி வைத்துப் பழகுவார்கள், மூன்றாம் வருஷம் உள்ளே வந்துவிடுவார்கள்.

கம்பம் யார் என்று கேட்டால் பெரும்பாலான ஊர்களில் ஒரே பதில்தான்: அம்மனின் புருஷன். சாதியை மறைத்து ஏமாற்றி மணந்தவனின் கதை அதற்குப் பின்னால் ஓடும். உண்மை தெரிந்ததும் அவள் கோபத்தில் எழுகிறாள், அவன் அழிகிறான், ஆனாலும் நோம்பிக்கு நோம்பி புருஷனாக எதிரில் வந்து நிற்கிறான். 1960களின் நடுவில் காங்கயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலர் பிரெண்டா பெக், கொங்குச் சமூகத்தைப் பற்றி 1972இல் நூல் வெளியிட்டவர், பின்னாளில் மாரியம்மன் விழாவைப் பற்றித் தனிக் கட்டுரையும் எழுதினார். கம்பத்தில் புருஷனையும் அசுரனையும் ஒருசேரப் பார்க்கிறது அந்த ஆய்வு. கம்பம் பிடுங்கும் நாளில் அம்மன் தாலி இழக்கிறாள் என்பது கிராமங்களில் வெளிப்படையாகவே சொல்லப்படுவதுதான். ஈரோட்டில் மூன்று கோயில்களின் கம்பங்களும் ஊர்வலமாகப் போய்க் காவிரியில் விடப்படும். வழிநெடுக மக்கள் உப்பும் மிளகும் வீசுவார்கள். பிறகு ஊரே மஞ்சள் நீரில் நனையும். கொண்டாட்டம் போலத் தெரிந்தாலும் அது ஒரு சாவுக்குப் பின்னான தலைமுழுகல் மாதிரியும் இருக்கிறது.

ராசிபுரம் அந்தச் சாவை மறுத்துவிட்டது. அம்மன் சுமங்கலியாகவே இருக்கட்டும் என்று எப்போதோ யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். நிலத்தை உழுதபோது கலப்பை தட்டி ரத்தம் வடிய வெளிப்பட்டவள் என்று தலக்கதை சொல்கிறது. இது தமிழ்நாட்டின் பல அம்மன்களுக்கும் பொதுவான பிறப்புக்கதை. கம்பத்தை வைத்துக்கொண்ட கதை அப்படிப் பொதுவானதல்ல. கம்பம் மாற்றும்போது தயிர்சாதம் படைப்பார்கள், பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அதை வாங்கி உண்பார்கள். மற்ற ஊரில் சாவாக முடியும் இடம் இங்கே பிறப்பை வேண்டும் இடமாகிவிடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கம்பம் வருஷம் பூராவும் நிற்கிறது, ஆட்டம் அப்படி வருஷம் பூராவும் நடப்பதில்லை. தை மாதத்தில் யாரும் அதைச் சுற்றி ஆடுவதில்லை. கம்பம் என்னும் பொருளைக் காப்பாற்றுவதும் கம்பத்தாட்டம் என்னும் வழக்கத்தைக் காப்பாற்றுவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று தேட வேண்டியதில்லை. பொருளைக் காக்கக் கூரை போதும். ஆட்டத்துக்கு ஒரு தேதி வேண்டும், அந்தத் தேதியில் வந்தே ஆக வேண்டியவர்கள் வேண்டும்.

ஏன் ஐப்பசி? மாரியம்மன் விழா கோடையில் வருவதற்கு அம்மை நோயைக் காரணம் காட்டுவது வழக்கம். அதில் நியாயம் இருக்கிறது. பெரியம்மை வறண்ட மாதங்களில் உச்சம் தொடும், மழை தொடங்கியதும் தணியும் நோய். வேப்பிலை, மஞ்சள், குளிர்ச்சி, கூழ் எல்லாமே அந்த நோயைச் சுற்றி அமைந்த ஒழுக்கங்கள்தாம். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975இல் பதிவானார். 1980இல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போனபின்னும் விழா போகவில்லை. ஐப்பசி விழாவுக்கோ இந்தக் காரணம் தொடக்கத்திலேயே பொருந்தாது.

எனக்குத் தோன்றும் விளக்கம் இரண்டு. இரண்டும் ஊகம் என்ற அளவிலேயே வைக்கிறேன். ராசிபுரம் வட்டாரத்தில் பெரிய ஆறு கிடையாது. காவிரி மேற்கே தள்ளி ஓடுகிறது. கொல்லிமலைக்கும் போதமலைக்கும் அடிவாரத்தில் கிடக்கும் இந்த நிலம் ஏரியையும் கிணற்றையும் வானத்தையும் நம்பியது. சோளம், நிலக்கடலை, பிற்பாடு மரவள்ளி என்று மானாவாரியாகவோ கிணற்றுப் பாசனத்திலோ நடந்த வெள்ளாமை. தென்மேற்குப் பருவமழை தந்ததை வடகிழக்கு முழுமையாக்கினால்தான் கிணறு ஊறும். காவிரிக்கரை ஊருக்கு ஆடிப் பெருக்கு எப்படியோ, அப்படி மேட்டு நிலத்துக்கு ஐப்பசி.

இரண்டாவது விளக்கம் தறி. ராசிபுரமும் சுற்றியுள்ள வெண்ணந்தூர், குருசாமிபாளையம் போன்ற ஊர்களும் நெசவு ஊர்கள். நெசவாளிக்கு வருஷம் தீபாவளியில் முடிந்து தீபாவளியில் தொடங்கும். அதுவரை ராப்பகலாகத் தறி ஓடும். சரக்கு போனபின் கையில் கூலியும் போனஸும் இருக்கும், தறிக்கு ஓய்வும் கிடைக்கும். உழவர் ஊர் அறுவடை முடிந்து விழா எடுப்பது எவ்வளவு இயல்போ, நெசவாளர் ஊர் தீபாவளியை ஒட்டி எடுப்பதும் அவ்வளவு இயல்பு. தலைக்கட்டு வரி வசூலிக்கிறவர்கள் எந்த மாதத்தில் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியாதவர்கள் அல்ல.

வரி என்றேன். இதுதான் முறையின் முதுகெலும்பு. பூச்சாட்டு நடந்த அன்றிலிருந்து ஊர் வேறொரு சட்டத்துக்குள் போய்விடும். சாட்டியபின் வெளியூரில் ராத்தங்கக் கூடாது, கல்யாணம் வைக்கக் கூடாது, சில வீடுகளில் எண்ணெய்ச் சட்டி வைத்துத் தாளிக்கவும் மாட்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் இவ்வளவு என்று வரி. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கட்டளை: இன்றைய அபிஷேகமும் புறப்பாடும் இந்தச் சமூகத்தார், நாளைக்கு அந்தத் தெருவார், மறுநாள் இன்ன வியாபாரிகள். கட்டளை எடுத்தவர்கள் மேளம் பேச வேண்டும், பூ அலங்காரம் பேச வேண்டும், வாண வேடிக்கை பேச வேண்டும். பக்கத்துக் கட்டளைக்காரர் நையாண்டி மேளம் ஒரு செட் வைத்தால் இவர் இரண்டு செட் வைப்பார். போட்டி, பொறாமை, பழைய பகை எல்லாம் இதற்குள் இருக்கும். கலைஞருக்கு இது நல்லது. ஒரு நகரத்தில் பதினைந்து இருபது நாள் தொடர்ச்சியாக வேலை கிடைப்பது ரசனையால் நடப்பதில்லை. இன்று எனக்கு நாள், நான் விட்டுக்கொடுத்தால் மானம் போகும் என்கிற கணக்கால் நடக்கிறது.

இந்தக் கணக்கு உச்சத்துக்குப் போவதைப் பார்க்க வேண்டுமானால் சேலத்தின் குகைப் பகுதிக்குத்தான் போக வேண்டும். ஆடியில் குகை மாரியம்மன், காளியம்மன் கோயில் விழாவில் நடக்கும் வண்டி வேடிக்கை நூறாண்டைத் தாண்டியது என்று ஊர் சொல்கிறது. மாட்டு வண்டியில் தொடங்கியது, இப்போது லாரிக்கும் டிராக்டருக்கும் மாறிவிட்டது. வண்டியின் மேல் மேடை கட்டி, பின்னால் திரை எழுப்பி, சீரியல் பல்பு சுற்றி, அதில் ஆட்களைத் தெய்வங்களாக நிறுத்துவார்கள். சிவன், பார்வதி, முருகன், மகிஷனை மிதிக்கும் துர்க்கை, தசாவதாரம். பெரும்பாலும் ஆண்களே அம்மன் வேஷமும் கட்டுவார்கள். முகத்துக்கு வர்ணம் பூசி, கிரீடம் ஏற்றி, நகை பூட்டி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். வண்டி கூட்டத்துக்குள் அங்குலம் அங்குலமாக நகரும்போது அவர்கள் ஆடுவதில்லை, பேசுவதில்லை. தூக்கிய கை தூக்கியபடி, விழித்த கண் விழித்தபடி நிற்க வேண்டும். புருவத்தில் இறங்கும் வியர்வையைக்கூடத் துடைக்க முடியாது. கூட்டத்தில் இருக்கும் தெருக்காரப் பையன்கள் சிரிக்க வைக்கப் பார்ப்பார்கள். ஜெனரேட்டர் இரைச்சலுக்கு மேல் ஒலிபெருக்கியில் வண்டியின் பெயர் அறிவிக்கப்படும். நல்ல வண்டிகளுக்குப் பரிசும் உண்டு.

இதைப் பாரம்பரியக் கலை என்று சொன்னால் தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். அதில் பழைய நாடகக் கம்பெனியின் திரைச்சீலை இருக்கிறது, நாட்காட்டிப் படத்தின் நீலமும் ரோஜாவும் இருக்கிறது, சினிமா செட்டின் தெர்மாகோல் மேகம் இருக்கிறது. 1930களின் நடுவில் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய நகரம் இது. அரிதாரமும் அட்டைக் கிரீடமும் சேலத்துக்குப் புதிதல்ல. வண்டி வேடிக்கை தன்னை ஒருபோதும் பாரம்பரியம் என்று நினைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வருஷமும் கையில் கிடைத்ததை எடுத்துக் கட்டிக்கொண்டது. அதனால்தான் உயிரோடு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். மாட்டு வண்டியோடும் எண்ணெய் விளக்கோடும் மட்டும்தான் நடத்த வேண்டும் என்று யாராவது விதி போட்டிருந்தால் எப்போதோ புகைப்படத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவிலும் மக்கள் தெய்வ வேஷம் போடுகிறார்கள். அதுவும் புரட்டாசி, ஐப்பசியை ஒட்டிய நவராத்திரி விழாதான். ஆனால் அங்கே வேஷம் தனிமனித நேர்ச்சை. விரதமிருந்து காளி வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை எடுத்து, கொண்டுபோய்க் கோயிலில் சேர்ப்பார்கள். குகையில் வேஷத்துக்குத் தெரு பொறுப்பு. முதல் வகையில் பக்தி கூடினால் வேஷங்கள் பெருகும், ஆளாளுக்குப் போடுவார்கள். இரண்டாம் வகையில் தெரு ஒற்றுமையாக இருந்தால்தான் வண்டி புறப்படும். சில வருஷம் ஒரு தெருவின் வண்டி வராமல் போனால் காரணம் கலையில் இருக்காது, பங்காளிச் சண்டையில் இருக்கும்.

தெருப் பொறுப்பு என்கிற இந்த ஏற்பாட்டுக்கு உலகில் துணைகள் உண்டு. ஜப்பானில் தகயாமா என்னும் மலைநகரில் அக்டோபர் 9, 10 தேதிகளில் இலையுதிர்கால விழா நடக்கிறது. பல தளங்கள் கொண்ட மரத்தேர்கள், சிலவற்றின் உச்சியில் கயிற்றால் இயங்கும் பொம்மைகள். ஒவ்வொரு தேரையும் ஒரு தெருக் குழு தலைமுறையாகப் பராமரிக்கிறது. பழுது பார்ப்பதும் இழுப்பதும் அவர்கள் பொறுப்பு. 2016இல் யுனெஸ்கோ ஜப்பானின் 33 தேர் விழாக்களை ஒரே பதிவாகப் பட்டியலில் சேர்த்தபோது தகயாமாவும் அதில் இருந்தது. கொல்கத்தா துர்கா பூஜை 2021இல் அந்தப் பட்டியலில் ஏறியது. அதுவும் பாடாக்கள், அதாவது பேட்டைகள், தாங்கி நிற்கும் விழா. குகையின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் பெரிதாக இல்லை. பட்டியலில் ஏறியபின் வரும் சுற்றுலாக் கூட்டத்துக்கு ஏற்ப விழாவை நேரம் மாற்றச் சொல்வார்கள்.

முறை கலையைத் தாங்கும் இன்னொரு இடம் கூத்து. மேட்டூர், ஓமலூர், எடப்பாடிப் பக்கத்துக் கூத்து இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்போது முடியும். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். கோமாளி வந்து கதையைத் திறப்பான். பாரதக் கூத்துகளோடு கர்ணன் மனைவியின் கதையான பொன்னுருவி மசக்கையும் இந்தப் பக்கத்துச் சொத்து. கூத்தாடிகளில் பலர் பகலில் கூலி வேலைக்கோ தறிக்கோ போகிறவர்கள். இவர்களுக்காக மேட்டூர் வட்டத்து ஏர்வாடியில் எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன் ‘களரி’ என்னும் அமைப்பை நடத்தி வருகிறார். ‘மணல்வீடு’ சிற்றிதழின் ஆசிரியரும் அவர்தான். கூத்தையும் பொம்மலாட்டத்தையும் பதிவு செய்வது, மூத்த கலைஞர்களை மேடையேற்றிச் சிறப்பிப்பது, இளையவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என்று வேலை நடக்கிறது. அவர்கள் எடுத்த மக்கள் கலை இலக்கிய விழாக்களில் இலக்கியப் பேச்சு முடிந்தபின் கூத்து விடிய விடிய நடந்தது. கிராமத்துக் களத்தில், கிராமத்து ஆட்களுக்கு முன்னால். நவீன இலக்கிய வாசகர்கள் அங்கே விருந்தாளிகள். இந்த இடமாற்றம் முக்கியம். கூத்தை நகர அரங்குக்குக் கொண்டுவந்தால் கூத்தாடி விருந்தாளி ஆகிவிடுவார், நேரம் அரங்கின் வாடகைக்கு ஏற்பச் சுருங்கிவிடும்.

2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் போன்ற அரசு விழாக்களைப் பற்றிய புகாரும் இதுதான்: இரவெல்லாம் நடப்பதைப் பூங்கா மேடையில் பத்து நிமிடமாக்கினார்கள். கரகாட்டம் முடிந்ததும் ஒயிலாட்டம், அது முடிந்ததும் தப்பாட்டம், இடையில் வாழ்த்துரை. புகார் சரிதான். கொல்லிமலைச் செம்மேட்டில் ஆடி 17, 18 தேதிகளில் அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழாவும் ஏறக்குறைய இந்த அச்சுதான். துறைகளின் கண்காட்சி, மலர்க் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி, மேடைக் கலைநிகழ்ச்சி. கடையெழு வள்ளல்களில் ஒருவனுக்கு விழா எடுப்பது நல்ல காரியம். ஆனால் அன்றைக்கு மலை ஏறும் கூட்டத்தில் கணிசமானவர்கள் சமவெளியிலிருந்து ஆடிப் பதினெட்டுக்கு நீராடவும் அறப்பளீசுவரரைக் கும்பிடவும் வருகிறவர்கள். பழைய நோம்பியின் கூட்டத்தின் மேல்தான் புதிய விழா ஏறி உட்கார்ந்திருக்கிறது. விழா தன் காலில் நிற்கிறதா என்பதைத் தேதியை மாற்றிப் பார்த்தால் தெரியும்.

இதுவரை சொன்னதில் முறையின் பக்கமே நின்று பேசியிருக்கிறேன். மறுபக்கம் பறையில் இருக்கிறது.

கம்பம் சுற்றி ஆடப் பறை வேண்டும், பூச்சாட்டுச் செய்தியை ஊருக்குச் சொல்லப் பறை வேண்டும், அம்மன் புறப்படப் பறை வேண்டும். அதை அடிக்க வேண்டியது யார் என்பதையும் முறைதான் முடிவு செய்தது. அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை அந்த முறையில் எழுதப்படவில்லை. அதே மேளத்தைச் சாவுக்கும் அடிக்க வேண்டும். கூலி பெரும்பாலும் ஊர் வைத்ததுதான். அடித்தவர் கோயில் வாசலுக்கு வெளியே நின்றார். கட்டளை எடுப்பவருக்கு முறை என்பது மானம், மேளம் அடிப்பவருக்கு அதே முறை அவமானம். 1980களிலும் 90களிலும் தமிழகத்தின் பல ஊர்களில் தலித் இளைஞர்கள் இனிமேல் பறை அடிப்பதில்லை என்று மறுத்தார்கள். பறையை எரித்த இடங்களும் உண்டு. அந்த ஊர்களின் விழாக்களில் ஆட்டம் சில வருஷம் முடங்கியிருக்கும். அதைக் கலை அழிவு என்று யாராவது எழுதினால் நான் உடன்பட மாட்டேன்.

அந்த மறுப்புக்குப் பிறகுதான் பறை இன்னொரு வாசல் வழியாக வந்தது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறை எடுத்து ஆடினார்கள். கல்லூரிகளில் பயிற்சி வந்தது. சாதி வேலை என்று வெட்கப்பட்டதை மேடையில் ஏறி உரக்க அடித்தார்கள். 2025இல் மதுரைப் பக்கத்துப் பறை ஆசான் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்த வளர்ச்சி முழுவதும் முறைக்கு வெளியே, மேடையில், பயிற்சிப் பட்டறையில், அரசு விழாவில் நடந்தது. பத்து நிமிட மேடையைக் குறை சொல்லும் அதே வாயால் இதையும் சொல்லியாக வேண்டும்: கூத்தைச் சுருக்கிய மேடைதான் பறைக்காரருக்கு முதன்முதலில் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிய இடம்.

நாகசுரத்தில் இதற்கு ஒரு எதிர்ப்பக்கச் சான்று ராசிபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆத்தூர்ச் சாலையில் உள்ள நாமகிரிப்பேட்டை. அந்த ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனவர் நாகசுர வித்வான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன். கோயிலிலும் கல்யாணத்திலும் ஊதப்படும் வாத்தியம், வானொலியும் கேசட்டும் வந்தபின் கச்சேரிக்கும் ஏறி, கலைஞரின் பெயரோடு ஊரின் பெயரையும் ஒட்டிக்கொண்டது. அவருக்குப் பத்மஸ்ரீ பல பத்தாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அம்மன் புறப்பாட்டில் நாகசுரம் ஊதுபவரும் பம்பை அடிப்பவரும் ஒரே ஊர்வலத்தில்தான் நடக்கிறார்கள். ஒருவர் பெயர் பலகையில் ஏறியது, மற்றவர் இன்னும் ‘பம்பை செட்’.

விழா நோட்டீஸைக் கையில் எடுத்தால் இது அச்சாகவே தெரியும். மஞ்சள் தாள், மேலே அம்மன் படம், கீழே நாள்வாரி நிகழ்ச்சி. பூச்சாட்டுதல், கம்பம் நடுதல், சக்தி அழைத்தல், மாவிளக்கு, பொங்கல், தீமிதி, தேர், சத்தாபரணம். ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டளைதாரர் பெயர், சில சமயம் அவர் கடைப் பெயர். விசைத்தறி, சேகோ ஆலை, லாரிப் பட்டறை, கோழிப்பண்ணை என்று இந்த வட்டாரத்தின் பொருளாதார வரலாற்றை இப்படிப்பட்ட நோட்டீஸ்களிலிருந்தே எழுதிவிடலாம். எந்தப் பத்தாண்டில் எந்தத் தொழில் பணம் பார்த்தது என்று உபயதாரர் பட்டியல் காட்டிக்கொடுக்கும். கலைஞருக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது: ‘நையாண்டி மேளம், வாண வேடிக்கையுடன்’. வெடியும் மேளமும் ஒரே வரியில்.

முறை இன்று தானாகவே தளர்ந்து வருகிறது. தலைக்கட்டு வரியின் இடத்தை நன்கொடை ரசீது எடுக்கிறது. பெரிய கோயில்கள் பல அறநிலையத்துறையின் கீழ் இருப்பதால் கணக்கும் ஏலமும் அலுவலகத்துக்குப் போய்விட்டன. சாட்டியபின் ஊரில் தங்க வேண்டும் என்ற விதியைப் பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் தேர் நாளுக்கு மட்டும் வந்து நிறைவேற்றுகிறார்கள். இளைஞர் குழு செண்டை மேளம் பேசுகிறது. கேரளத்திலிருந்து வரும் அந்தக் குழுவுக்குச் சாதிக்கடன் எதுவும் இல்லை, பேசிய கூலியை வாங்கிக்கொண்டு மதிப்போடு திரும்பிவிடுவார்கள். உள்ளூர்ப் பம்பைக்காரர் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். செண்டை வந்து ஊர் மேளத்தை அழித்துவிட்டது என்று புலம்புகிறவர்கள், செண்டைக்கு எவ்வளவு கொடுத்தோம், பம்பைக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை முதலில் எடுத்துப் பார்க்கலாம்.

அந்தக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு விழாக் குழுவிடமும் கோடு போட்ட நீள நோட்டில் வரவு, செலவு எழுதப்பட்டிருக்கும். நாட்டார் வழக்காற்றியல் படிக்கும் நம் மாணவர்கள் கம்பத்தாட்டத்தின் அடவைப் பதிவு செய்கிறார்கள், கதையைப் பதிவு செய்கிறார்கள், பாட்டைப் பதிவு செய்கிறார்கள். அந்த நோட்டை யாரும் கேட்பதில்லை. மேளத்துக்கு எந்த வருஷம் எவ்வளவு, சாப்பாடு உண்டா, வேட்டி துண்டு உண்டா, ரொக்கமா நெல்லா, கொடுத்தது விழாவன்றா ஒரு மாதம் கழித்தா, கையெழுத்தா கைநாட்டா, எந்த வருஷத்திலிருந்து உள்ளூர்க்காரர் பெயர் நின்று வெளியூர் செட் வருகிறது என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். அடுத்த ஐப்பசியில் ராசிபுரத்துக்கோ, ஆடியில் குகைக்கோ ஆய்வுக்குப் போகிறவர் கேமராவைத் திறப்பதற்கு முன் குழுத் தலைவரிடம் அந்த நோட்டைக் கேட்கட்டும். கொடுக்கத் தயங்குவார்கள், இரண்டு மூன்று முறை டீக்கடையில் உட்கார வேண்டியிருக்கும்.